மாலை போட்ட மாதத்தில் கேட்ட கேள்வி

ஹசீனாவைக் குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம். அவளுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். அதுதான் அவளை வசமாக மாட்டிவிட்டது.

குடிப்பழக்கத்தைத் தடுப்பது பற்றி ஆய்வு செய்யும் நிறுவனம் ஒன்றுக்காக அவள் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற வேலை பார்த்தாள். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைப் பக்கம் அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் நாவலூத்துதான் அவளுக்கு ஒதுக்கிய ஊர். போன கார்த்திகைக் கடைசியில் தொடங்கி மார்கழி முடிவதற்குள் அத்தனை வீட்டையும் முடித்துவிட்டாள். அலுவலகத்தில் எல்லாரும் கைதட்டினார்கள்.

கைதட்டினவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த நாள் முழுக்க ஊரில் முக்கால்வாசி ஆண்கள் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்கள். கறுப்பு வேட்டி, நெற்றி நிறைய விபூதி, காலில் செருப்பில்லை. மாலை போட்டவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது ஹசீனாவுக்கும் தெரியும், பிறந்ததிலிருந்து இந்த மண்ணில்தானே இருக்கிறாள். அதனால், "சாமி, போன முப்பது நாள்ல எத்தனை நாள் குடிச்சீங்க?" என்று கேட்டாள். கேட்ட அவளுக்கே காது கூசியது. சாமிகள் எல்லாரும் "சிவசிவா, தொடறதே இல்லைம்மா" என்றார்கள். அது உண்மையும்கூட.

முப்பது நாளில் இல்லை என்றால், அடுத்து 'போன ஒரு வருடத்தில்?' என்று கேட்க வேண்டும். அங்கேதான் தப்பு நடந்தது. விரதம் இருக்கிற மனுசரை நிற்கவைத்துப் பழைய கதையைக் கிளறுவதா என்று கூச்சப்பட்டு, அந்தக் கேள்வியைக் கேட்காமலே, கையிலிருந்த டேப்லெட்டில் 'இல்லை' என்று தானே தட்டிவிட்டாள். ஒரு வீட்டில் செய்தது பழகிப்போய், எல்லாச் சாமி வீட்டிலும் அதையே செய்தாள்.

மாசி மாதம் ஆய்வுத் தலைவர் டாக்டர் மாதவராஜ் போன் செய்தார். "உங்க ஊரு பிரமாதம்மா. தாலுக்காவுக்கே மாதிரியா எடுத்த ஊரு அதுதான். தொண்ணூத்து நாலு ஆம்பளைங்கள்ல ஏழே பேருதான் குடிக்கிறாங்க. பாப்பிரெட்டிப்பட்டி ஆஸ்பத்திரில குடிய விடறதுக்கு வியாழக்கிழமை நடக்கற ஆலோசனைய வேற தாலுக்காவுக்கு மாத்தச் சொல்லி எழுதப்போறோம். திங்கக்கிழமை தருமபுரியில கூட்டம்."

ஹசீனா போனை வைத்தாள். அந்த வியாழக்கிழமை ஆலோசனை அறைதான் அவள் புருசனை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது.

சோஹைல் பாப்பிரெட்டிப்பட்டியில் வண்டி சீட்டுக்கு உறை தைக்கிற கடை வைத்திருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்பு அவன் எந்த நிலைமையில் வீட்டுக்கு வருவான் என்பதை ஹசீனா தன் தாயிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது பதினாலு மாதமாகத் தொடுவதில்லை. வியாழக்கிழமை காலையில் "ரெக்சின் வாங்கப் போறேன்" என்று பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்வாசல் வழியாகப் போய் வருவான். அங்கே உட்கார்ந்திருக்கிற அந்த ஆலோசகர் அம்மாவுக்காக ஹசீனா தினமும் துவா செய்கிறாள். அந்த அறை வேறு தாலுக்காவுக்குப் போய்விட்டால், இவன் இரண்டு பஸ் மாறிப் போவானா? இரண்டு வாரம் போவான். மூன்றாவது வாரம் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அரை நாள் யோசித்துவிட்டு மாதவராஜைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள். வேலை போனாலும் போகட்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

"கேக்காத கேள்விக்குப் பதில் போட்டிருக்கீங்க. பெரிய தப்பு," என்றார். அப்புறம் குரல் இறங்கியது. "ஆனா நீங்களா வந்து சொன்னீங்க பாருங்க, அதுக்கு நான்தான் நன்றி சொல்லணும். பழைய பதிலை அழிக்காதீங்க. தப்பு என்னுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, ஞாயித்துக்கிழமை போய்ப் புதுசாக் கேளுங்க. யாரையும் வற்புறுத்தக் கூடாது."

ஞாயிறு காலை சோஹைல்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டான். நாவலூத்தில் ஆண்களை மொத்தமாகப் பிடிக்க வேண்டுமென்றால் காலையில் பால் சொசைட்டிதான். அங்கே பால் அளக்கிற சென்னம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்கண்ணு, மாலை போட்டவங்கிட்ட வந்து குடிச்சியான்னு கேட்டியா? உன்னையாட்டம் புத்திசாலிய நான் பாத்ததே இல்ல போ!"

"சிரிக்காதீங்கக்கா. இன்னிக்கு யாரும் பேசலைன்னா அந்த ரூமை எடுத்துருவாங்க."

சென்னம்மாளின் சிரிப்பு நின்றது. கேனோடு நின்றவர்களைப் பார்த்து, "டேய், காது கேட்டுச்சா? இந்தப் பொண்ணு கேக்கறதுக்கு உள்ளதச் சொல்லுங்கடா," என்று சத்தம் போட்டாள்.

காது நன்றாகத்தான் கேட்டது. ஒருவன் செல்போனைப் பார்த்தான். ஒருவன் மாட்டுக்குத் தீவனம் வைக்கவில்லை என்று கிளம்பினான். சாமியாக இருந்தபோது நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்ன ஆட்கள், மாலையைக் கழற்றிய பிறகு ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வார்கள்? ஹசீனாவுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. என் வீட்டிலும் இதே கதைதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது சோஹைலின் ரகசியம். அதை எடுத்து நீட்ட அவளுக்கு உரிமை இல்லை.

வண்டிமேல் உட்கார்ந்திருந்த சோஹைல் இறங்கி வந்தான்.

"எல்லாருக்கும் என்னைத் தெரியும்ல? உங்க வண்டி சீட்டெல்லாம் நான் தைச்சதுதான்," என்றான். "வியாழக்கிழமை கடை பூட்டியிருக்கும். ரெக்சின் வாங்கப் போறேன்னு சொல்லுவேன். பொய்யிங்க. ஆஸ்பத்திரிக்குப் போறேன், குடிய விடறதுக்கு. இவ உங்களுக்காக வந்திருக்கான்னு நெனச்சுக்காதீங்க. எனக்காக வந்திருக்கா. அந்த ரூமு போயிட்டா நான் மறுபடி குடிச்சிருவேனோன்னு எனக்குப் பயமா இருக்குதுங்க."

ஹசீனா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவன்மேல் எத்தனையோ முறை கோபப்பட்டிருக்கிறாள், பரிதாபப்பட்டிருக்கிறாள். இப்படிப் பெருமைப்பட்டது இதுதான் முதல் தடவை.

தக்காளி போடுகிற ரஞ்சித்குமார் பால் கேனைக் கீழே வைத்தான். "யக்கா, என்னைக் கேளு," என்றான்.

சொசைட்டிக்குப் பின்னால், மற்றவர் காதில் விழாத தூரத்துக்கு அவனைக் கூட்டிப் போனாள். டேப்லெட்டைத் திறந்து, அன்று விட்ட கேள்வியை, அச்சில் இருந்தபடியே ஒரு சொல் குறையாமல் படித்தாள்.

"மாலை போட்ட நாப்பத்தெட்டு நாள் தவிர எல்லா நாளும்," என்றான் ரஞ்சித்குமார். போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை. "அந்த நாப்பத்தெட்டு நாளும் எம்புள்ள என் மடியிலதான் தூங்குச்சுக்கா. இப்ப கூப்ட்டா வரமாட்டேங்குது. அதையும் எழுத எடம் இருக்கா?"

படிவத்தில் அதற்கு இடமில்லை. கடைசியில் இருந்த 'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டாள். நிமிர்ந்தபோது சற்றுத் தள்ளி ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். மத்தியானத்துக்குள் அறுபத்து மூன்று பேர் ஆனார்கள். சென்னம்மாள் வீட்டிலிருந்து இருவருக்கும் களியும் கீரைக் குழம்பும் வந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் மாதவராஜ் கூப்பிட்டார். வியாழக்கிழமை ஆலோசனை பாப்பிரெட்டிப்பட்டியிலேயே இருக்கும். இனிமேல் எந்த ஊரிலும் விரத மாதத்தில் கணக்கெடுக்கக் கூடாது என்று விதியும் எழுதிவிட்டார்களாம். ஹசீனாவின் சம்பளத்தில் பத்து நாள் பிடித்தம். வேலை போகவில்லை, அதற்கே அவள் நூறு முறை நன்றி சொன்னாள்.

அந்த வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய சோஹைல் வரவில்லை. ஒரு மணி, இரண்டு மணி. போன் எடுக்கவில்லை. பழைய பயம் எல்லாம் திரும்பி வர, ஹசீனா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். மூன்று மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது.

"என்னாங்க, இவ்ளோ நேரம்?"

"எல்லாம் உன்னாலதான்," என்று சோஹைல் செருப்பை உதறினான். "எனக்கு முன்னாடி நாவலூத்துக்காரங்க பதினோரு பேரு! ரஞ்சித்து வேற புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டான். அது மடிய விட்டு எறங்கவே மாட்டேன்னுது, அவன் உள்ள போயிட்டு வர்றதுக்கே ஒரு மணி நேரமாச்சு. பசி உயிர் போவுது, சோத்தைப் போடு."

ஹசீனா உள்ளே போனாள். சட்டியைத் திறக்கும்போது கண்ணீர் கண்ணை மறைத்தது. முதலில் அல்லாவுக்கு நன்றி சொன்னாள். அப்புறம் அந்தச் சாமிகள் ஒவ்வொருவருக்கும், இப்போது பேர் சொல்லியே, சொன்னாள்.