மிக்ஸி இரைச்சலில் ஒரு பேச்சு

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டு பொங்கியண்ணன் பெரியநாயக்கன்பாளையம் வீட்டுக்குத் திரும்பிய வாரமே, மகள் நந்திதா கூடத்தில் ஒரு கேமராவை மாட்டினாள். பீளமேட்டு ஆபீசில் இருந்தபடியே செல்போனில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளலாம். அதில் பேச்சும் கேட்கும் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க நினைத்தல்ல, சொல்லத் தோன்றவில்லை.

ஒரு சாயங்காலம் பொங்கியண்ணன் மனைவி நாச்சியம்மாளிடம், "படுத்தா காலைல எந்திரிப்பனான்னு பயமா இருக்குது அம்மணி" என்றார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் பயம் என்று அவர் வாயில் வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் நந்திதா போனில் கூப்பிட்டாள். "அப்பா, ஒண்ணும் பயப்படாதீங்க. டாக்டர்கிட்டப் பேசிப்போட்டேன்."

அவர் போனை மனைவியிடம் நீட்டிவிட்டு, கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

அதன்பின் கூடத்தில் பேச்சே நின்றுபோனது. நாச்சியம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். "ஏனுங்க, இங்க வாங்க" என்று சமையலறை வாசலுக்குக் கூப்பிட்டு, வெறும் மிக்ஸியை ஓடவிட்டு, அவர் காதோரம் பேசினாள்.

நந்திதாவின் செல்போனில் இருவரும் தலையோடு தலை ஒட்டி நிற்பது தெரிந்தது. கேட்டது இரைச்சல் மட்டும். மூன்று நாள் இப்படியே நடந்தது. பதறிப்போய் மதியம் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ரிப்போர்ட்ல ஏதாவது சொன்னாங்களா? என்னங்கம்மா மறைக்கறீங்க?"

பொங்கியண்ணன்தான் பதில் சொன்னார். "ஒண்ணுமில்ல கண்ணு. நான் பயந்தது உங்கம்மாளுக்கு மட்டும் தெரியோணும்னு நெனச்சேன். உம்முன்னால தெகிரியமா இருக்கோணுமில்ல?"

நந்திதாவுக்குக் கண் கலங்கியது. "என் தப்புங்கப்பா. இந்தக் கேமராவ இப்பவே கழட்டிப்போடறேன்."

"வேண்டாம் சாமி. விழுந்து கெடந்தா நீ பாக்கோணும். பேச்சு மட்டும் எங்களுக்கு இருக்கட்டும்."

அவள் கேமராவின் ஒலியை மட்டும் நிறுத்தினாள். நாச்சியம்மாள் நம்பவில்லை. "வெளிய போய்க் கேளு. நாங்க பேசறோம்."

நந்திதா முருங்கை மரத்தடியில் செல்போனோடு நின்றாள். திரையில் அம்மா ஏதோ சொன்னாள். அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமே வரவில்லை. என்ன சொன்னார்கள் என்று கேட்க அவளுக்கு ரொம்ப ஆசையாக இருந்தது.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "ஒண்ணுமே கேக்கலீங்கம்மா!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.