முதல் மழைக்கு வருகிறவர்

ஹாலில் கிடத்தியிருந்த அப்பாவின் கால்மாட்டில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள் அவள். வைத்த கையோடு அதில் ஒரு சொட்டு விழுந்தது. ஊரில் பாதி வீட்டுக் கூரையை ஒழுகாமல் செய்த மனிதர், சொந்த வீட்டுக்கு மட்டும் "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லியே பதினெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

"பாரு, இன்னிக்கும் ஒழுகறது விடல," என்றாள் அம்மா. சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.

விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. ஒன்பது மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பத்தரைக்கு மழை பிடித்துக்கொண்டது, அந்த வருஷத்தின் முதல் மழை. மூன்று மணிக்கு வண்டி வரும்.

மழைச் சத்தம் கேட்டதும் அவள் முதலில் வாசலைத்தான் எட்டிப் பார்த்தாள். அழுகைகூட அதற்கப்புறம்தான் வந்தது.

அப்பாவுக்கு போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. "ஒரு சின்ன போர்டாவது வைங்கப்பா" என்று அண்ணன் தலையால் தண்ணி குடித்துப் பார்த்தான். "கூரை ஒழுகலைன்னா அந்த வீட்டம்மா சும்மாவா இருப்பாங்க? நாலு பேர்கிட்ட அவங்க பேசுவாங்க. நான் எதுக்குப் பேசணும்?" என்பார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு வழக்கம். வேலை முடிந்தபின் முதல் மழை பெய்கிற அன்று, யாரும் கூப்பிடாமலே அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். குடையை மடக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, ரூம் ரூமாக அண்ணாந்து பார்ப்பார். கொட்டுகிற மழையில் ஒரு மனுஷன் இப்படி வந்து நின்றால், அதைப் பற்றிப் பேசாத வாய் ஏது? மழைக்காரர் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

இன்றைக்கு அந்த வீட்டுக்காரர்கள்தான் குடையும் கையுமாக வந்துகொண்டிருந்தார்கள். "இவங்க சொல்லித்தான் எங்களுக்கு அவரைத் தெரியும்" என்று ஒருவர் முன்னால் நின்ற ஒரு பெண்மணியைக் காட்டினார். அந்தப் பெண்மணி பக்கத்தில் நின்ற பேங்க்காரரைக் காட்டினார். பேங்க்காரர், இன்னும் வந்து சேராத தன் மச்சினரைச் சொன்னார். பழக்க தோஷத்தில் அண்ணாந்தவர்கள், அவர் வீட்டுக் கூரையே ஒழுகுவதைக் கண்டு சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவள் கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. டீச்சர் வரவில்லை.

டீச்சர் வீட்டுப் பின்ரூம்தான் அப்பாவின் கடைசி வேலை. மூன்று வாரம் முன்பு, அவரால் ஏணி ஏற முடியவில்லை. இரண்டு வருஷமாகக் கூட வேலை பார்க்கும் அவள்தான் மாடியில் பைப் இறங்கும் மூலையைப் பூசினாள். முதல் பூச்சு காய ஒரு முழு நாள் வேண்டும்; காயாமல் அடுத்ததை அடித்தால் பிடிக்காது. கீழே அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு இளைத்துக்கொண்டிருந்தார். அவரைச் சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று, அன்று சாயந்திரமே அடுத்த பூச்சையும் அடித்துவிட்டாள். "காஞ்சுதாம்மா?" என்று கேட்டார். "காஞ்சிருச்சுப்பா" என்றாள். ஆஸ்பத்திரியில் தினமும் அவர் கேட்டது ஒன்றுதான்: "மழை வந்துச்சா?"

பன்னிரண்டரைக்கு டீச்சர் வந்தார். டீச்சரின் தெருவில் பதினோரு வீடு அவர் சொல்லி வந்த வேலை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு அவள் கையைப் பிடித்தார்.

"டீச்சர், பின்ரூம்?"

"சொட்டு கூட இல்லம்மா," என்றார் டீச்சர், ஹால் முழுக்கக் கேட்கும்படி. "கை வச்சார்னா வச்சதுதான்."

பேங்க்காரர் தலையாட்டினார். அவள் ஆட்டவில்லை. டீச்சரின் தோளில் சுண்ணாம்பு கரைந்த தண்ணீர் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அது வெளியே பெய்த மழை இல்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எங்க போற?" அண்ணன் வழிமறித்தான். "அறிவிருக்கா உனக்கு? அப்பா உள்ள கிடக்கிறார்."

"முதல் மழைண்ணா. யாராவது போகணும்ல?"

"அவரோட அந்த வேலையும் முடிஞ்சுது. விடு."

"அவளைப் போகவிடுடா," என்றாள் அம்மா, தலையைத் திருப்பாமலே. "குடை கதவுக்குப் பின்னால இருக்கு. மூணுக்கு முன்ன வந்துரு."

டீச்சரும் கூடவே கிளம்பி வந்தார். பின்ரூம் கதவைத் திறந்ததும் சத்தம் கேட்டது. பைப் மூலையிலிருந்து வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"இன்னிக்குப் போய் எப்படிம்மா சொல்றது?" என்றார் டீச்சர். "அதுவும் அத்தனை பேர் முன்னால."

"இது அப்பா வேலை இல்ல டீச்சர். நான் பூசினது. காயறதுக்கு முன்னாலேயே அடுத்ததை அடிச்சிட்டேன். காஞ்சிருச்சுன்னு அவர்கிட்டப் பொய் சொன்னேன்." அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் அங்கே உடைந்தது. யாரோ ஒருவர் வீட்டுப் பின்ரூமில், வாளிக்குப் பக்கத்தில் நின்று, அப்பாவுக்காக வாய்விட்டு அழுதாள். டீச்சர் தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்தபோது டீச்சரின் போன் அடித்தது. எடுத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "ஆமா, நான் பண்ணிக்கிட்டேன்... மழைக்காரர்தான்..." போனைக் கையால் மூடிக்கொண்டு, "என் நாத்தனார். அவ வீட்லயும் ஒழுகுதாம். வேலை எப்படின்னு கேக்கறா," என்றார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒழுகுதுன்னே சொல்லுங்க டீச்சர்."

"ஒழுகுது," என்றார் டீச்சர் போனில். "ம்... இல்ல, அவர் காலமாயிட்டார். இன்னிக்குக் காலைலதான். ஆமா, இன்னும் எடுக்கல." நிறுத்தினார். அவளைப் பார்த்தார். "அவர் பொண்ணு இங்க வந்து நிக்குது. ஒழுகுதான்னு பாக்க வந்திருக்கு."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"உன் நம்பர் சொல்லும்மா," என்றார் டீச்சர்.

நாலு எண் சொன்ன பிறகுதான் அது அப்பாவின் நம்பர் என்று உறைத்தது. நிறுத்தினாள். முதலிலிருந்து தன்னுடையதைச் சொன்னாள். டீச்சர் அதை ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் டார்ச்சை அடித்து, அண்ணாந்து அந்த மூலையைப் பார்த்தாள்.