இருபத்தைந்து முழம்

ஒரு முழம் 45 செ.மீ. என்றால், ஒன்பது மீட்டர் பூச்சரத்தில் எத்தனை முழம்? கணக்கு டீச்சர் ஸ்யாமளா கேட்டதற்கு வகுப்பே இருபது என்றது. வைஷாலி மட்டும் இருபத்தைந்து என்று எழுதியிருந்தாள்.

"ஸ்டெப் எங்கடி? ஸ்டெப் இல்லாட்டி முட்டைதான்!"

வைஷாலி போர்டில் எழுதினாள்: 9 மீட்டர் = 900 செ.மீ. 900 ÷ 36 = 25.

"முப்பத்தாறு எங்கருந்துடி வந்துச்சு?"

"எங்கம்மா போடுற முழம் அம்புட்டுத்தான் டீச்சர். ஸ்கேல் வச்சு அளந்தேன்."

ஸ்யாமளாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருஷமாகத் தினமும் பள்ளிக்கூட வாசலில் அந்த அம்மாவிடம்தான் மல்லிகை வாங்குகிறாள். கை தானாகக் கொண்டைக்குப் போயிற்று.

"இன்னைக்கு ரெண்டு முழம் வாங்குனீங்கள்ல டீச்சர்? அதுக்கும் ஸ்டெப் போடவா?"