சிவப்பு மட்டும் பாக்கி

என் வீட்டுக்காரர் பாண்டுரங்கனுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூடப் படிக்கத் தெரியாது. ஆனால் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள கம்பெனிகளுக்கு இங்கிலீஷ் போர்டு எழுதுவது அவர்தான். பூ வரைகிற மாதிரி எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்துவிடுவார். நான் ஒன்பதாவது வரை படித்தவள். அர்த்தம் சொல்லட்டுமா என்று கேட்டால், "அர்த்தம் தெரிஞ்சா கை நடுங்கும்டி, வேணாம்" என்பார். பெரிய மேதாவி!

எண்பத்தொன்றாம் வருஷம், ஆடிக் கிருத்திகை அன்று. எங்கள் ஊர் மண்ணூரில் பாதிப் பேர் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போயிருந்தார்கள். என்னால் போக முடியவில்லை. என் தம்பி தணிகாசலத்துக்கு அன்றுதான் ரப்பர் கம்பெனியில் முதல் நாள், ரெண்டாவது ஷிப்ட். சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றரை மணிக்கு இவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். அவரும் ஒரு வாரமாக அதே கம்பெனியில்தான் போர்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதாய்யா வேலை?"

"முடிஞ்சா மாரிதான். சிவப்பு மட்டும் பாக்கி கீது."

அவர் வேலை செய்கிற விதம் அப்படி. முதலில் கறுப்பு எழுத்தை எல்லாம் எழுதி முடிப்பார். சிவப்பில் வர வேண்டிய வார்த்தைக்கு இடம் விட்டுவிடுவார். கறுப்பு காய்ந்த பிறகு, மறுநாள், தனி பிரஷ்ஷில் சிவப்பு. ஈரத்தில் ஈரம் பட்டால் இரண்டும் கலந்து புளிக்கரைசல் மாதிரி ஆகிவிடுமாம்.

"போர்டெல்லாம் பெயிண்ட் ஷெட்லதானே கீது?"

"எங்க? நான் சாப்புடப் போன நேரத்துல ஃபோர்மேன் தாவீது எட்துகினு போயி மாட்டிட்டாரு. நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வராராம். காலைல ஏணி போட்டு சிவப்ப வெச்சுட்டா ஆச்சு."

தம்பி வேலை செய்கிற இடத்தில் என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசையில், கம்பெனியில் எழுதக் கொடுத்த தாளை அவர் சட்டைப் பையிலிருந்து உருவினேன். டைப் அடித்த ஆறு வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு வார்த்தைக்கு அடியில் சிவப்புப் பென்சில் கோடு. எல்லா வரியிலும் அது ஒரே இடத்தில்தான் இருந்தது. மஸ்ட் என்றோ ஷுட் என்றோ அதட்டுகிற வார்த்தை முன்னால், செய்ய வேண்டிய வேலை பின்னால், இரண்டுக்கும் நடுவில் இது. செய்யக் கூடாது என்பதை நாம் கடைசியில் சொல்வோம். வெள்ளைக்காரன் நடுவில் செருகி வைத்திருக்கிறான்.

சிவப்பு இல்லாமல் போர்டு எப்படி இருக்கும் என்று பார்க்க, கோடு போட்ட வார்த்தையைக் கட்டை விரலால் மறைத்துப் படித்தேன். 'மஸ்ட் ஆல்வேஸ் வேர் கிளவ்ஸ்.' எப்போதும் கையுறை போட வேண்டும். ஆல்வேஸை மறைத்தாலும் கையுறை போடத்தான் வேண்டும். அடுத்தது, 'ஷுட் கேர்ஃபுல்லி லிஃப்ட்.' கவனமாகத் தூக்கு. மறைத்தால், தூக்கு. இதற்கா இத்தனை சிவப்புப் பெயிண்ட் என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

ஐந்தாவது வரி, 'ஆபரேட்டர் மஸ்ட் நெவர் ஓப்பன் டோர் அண்டர் ப்ரஷர்.' அழுத்தம் இருக்கும்போது கதவை ஒருநாளும் திறக்கக் கூடாது. நெவர் மேல் கட்டை விரலை வைத்தேன். அழுத்தம் இருக்கும்போது கதவைத் திறக்க வேண்டும் என்று இருந்தது.

முறம் என் மடியிலிருந்து நழுவியது. அரிசி தரையெல்லாம் சிதறியது.

தம்பி முந்தின நாளே பெருமையாகச் சொல்லியிருந்தான். ரப்பரை வேகவைக்கிற ஆள் உயர இரும்புப் பீப்பாய்க்கு அவன்தான் காவல். பழைய ஆபரேட்டர் காவடி எடுக்க லீவு. மூன்று மணிக்கு நீராவி விட்டால் நாலரைக்கு அழுத்தம் காட்டுகிற முள் உச்சியில் நிற்குமாம். இட்லிக் குண்டான் மூடியைத் திறந்தாலே எனக்குக் கை வெந்துபோகிறது. அந்தப் பீப்பாயைத் திறந்தால்? கிளம்பும்போது நான் வேறு அவனிடம், "யார் இன்னா சொன்னாலும் காதுல வாங்காத. போர்டுல இன்னா போட்டுகீதோ அத மட்டும் செய்யி" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். என் வாயில் கொள்ளியை வைக்க!

"யோவ், கெளம்புய்யா! தணிய கொல்லப்போற நீ!"

"இன்னாடி ஒளர்ற?"

சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. சைக்கிளை எடுத்தார். ஊரில் ரைஸ் மில்லில் மட்டும்தான் போன். மில் பூட்டிக் கிடந்தது. முதலாளியும் வல்லக்கோட்டைக்குப் போய்விட்டார். பின்னால் கேரியரில் உட்கார்ந்தேன். கம்பெனி மூணு மைல். எதிர்க்காற்று வேறு.

வழியெல்லாம் தம்பியின் கை கண்ணில் தெரிந்தது. பத்தாவது பாஸ் ஆனபோது மார்க் ஷீட்டை எனக்கு நீட்டிய கை. அம்மா போன பிறகு நான்தானே அவனைத் தூக்கி வளர்த்தேன். எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன். 'நடுவுல காலியா இருந்தா அவனுக்குச் சந்தேகம் வராதா?' என்று எனக்கு நானே தைரியம் சொல்லிப் பார்த்தேன். எங்கே வரும்? இந்த மனுஷன் எழுதுகிற எல்லா போர்டிலும் நடுவில் மாடு படுக்கிற அளவுக்கு இடம் இருக்கும். மாமா எழுத்து இப்படித்தான் என்று விட்டுவிடுவான்.

"வேகமா மிதிய்யா!"

"மிதிக்கறேன்டி, மிதிக்கறேன்" என்றார். முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று தெரிந்தது. திட்ட வாய் வரவில்லை. வல்லக்கோட்டை முருகா, அவனைக் காப்பாற்று, இந்த மனுஷனுக்கு மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

கேட்டில் வாட்ச்மேன் மண்ணாங்கட்டி குறுக்கே கம்பை நீட்டினார்.

"லேடீஸ் உள்ள போவக் கூடாது. மேனேஜர் ஆர்டர்."

"என் தம்பிய பாக்கணும். உயிர் போற விஷயம்!"

"டோக்கன் வாங்கிக்கினு..." என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து புஸ்ஸென்று பெரும் சத்தம் கிளம்பியது. நிற்கவில்லை. காதைக் கிழித்துக்கொண்டே இருந்தது. யாரோ அலறினார்கள். நான் கம்பைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

ஷெட் முழுக்க வெள்ளைப் புகை. பக்கத்தில் இருந்த தூண்கூடத் தெரியவில்லை. "தணி! டேய் தணி!" என்று கத்துகிறேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவன் பதில் வரவில்லை. இனி வரவே வராது என்று நினைத்துவிட்டேன். அங்கேயே உட்கார்ந்தேன்.

சத்தம் மெதுவாக அடங்கியது. புகை விலகியபோது ஃபோர்மேன் தாவீது ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு பீப்பாய்க் கதவின் சக்கரத்தை இறுக்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளிச் சுவரோரமாக என் தம்பி உட்கார்ந்திருந்தான். உயிரோடு! வலது கை முழங்கை வரை சிவந்து தோல் உரிந்திருந்தது. நான் தவழ்ந்தே போய் அவனைக் கட்டிக்கொண்டேன்.

"எவன்டா ஒன்ன தொறக்கச் சொன்னது?" என்று தாவீது பாய்ந்தார்.

தம்பி நல்ல கையைத் தூக்கி மேலே மாட்டியிருந்த போர்டைக் காட்டினான். தாவீது அண்ணாந்து பார்த்து ஒவ்வொரு வார்த்தையாக உதட்டுக்குள் படித்தார். மாட்டினவர் அவர்தான், ஆனால் அப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிறார். படித்து முடித்துவிட்டு, என் பின்னாலேயே ஓடிவந்து நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ரெண்டு சுத்துதான்க்கா சுத்தினேன்" என்றான் தம்பி, பல் கிடுகிடுக்க. "ஆவி அடிச்சுது. பயந்துட்டேன். வுட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

"நல்லவேளடா, நல்லவேளடா" என்று அழுதேன். அவனுக்கு அது காதில் ஏறவில்லை. போர்டில் போட்டதைப் பாதியில் விட்டுவிட்டோம், முதல் நாளே வேலை போய்விடும் என்ற பயம்தான் அவன் கண்ணில் நின்றது. வெந்த கையை மடியில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, நீங்க ஃபோர்மேன்கிட்ட சொல்லுங்க மாமா. நாளைக்குப் பயப்படாம முழுசா தொறந்துடறேன்னு சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.