ஃபைலில் ஏறாத திருத்தம்

பதினொன்றேகால் மணிக்கு பிரிசில்லாவின் செல்போன் அடித்தபோது, தங்கராசு டீ டம்ளரோடு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். பார்க்காததுபோல் பார்ப்பதில் அவர் கெட்டிக்காரர். கையில் ஒரு டம்ளர் இருந்தால் போதும், கடலூர் மஞ்சக்குப்பத்து மாடியில் இருந்த அந்த டிராயிங் ஆபீசில் யார் மேசைக்குப் பின்னாலும் எவ்வளவு நேரமும் நிற்கலாம். சீனியர் டிராப்ட்ஸ்மேனை யார் கேட்பது? இருபத்திரண்டு வருட சர்வீஸ். டிரேசிங் ஷீட்டில் மைக்கோடு தப்பாக விழுந்தால் பிளேடால் சுரண்டி, சுரண்டிய இடம் தெரியாமல் நகத்தால் தேய்த்துவிடும் காலத்து ஆள். போர்டு போய் கம்ப்யூட்டர் வந்தபோது கூட இருந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இவர் மட்டும் எப்படியோ மௌஸைப் பிடித்துப் பழகித் தப்பித்தார். அப்பாடா என்று உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் இந்தப் பெண் வந்து சேர்ந்தாள்.

பிரிசில்லாவுக்கு இருபத்திநான்கு வயது. சிவில் டிப்ளமா. குமராட்சிக்குப் பக்கத்தில் தங்கராசுவின் ஊர்தான் அவளுக்கும். ஆனால் ஊர் வேறு, காலனி வேறு. அவள் அம்மா சின்னம்மாள் தங்கராசுவின் சித்தப்பா வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வருகிறவள். வரப்பில் தங்கராசு எதிரே வந்தால் சேற்றில் இறங்கி வழிவிடுகிறவள். ஆபீசில் இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் அவளைப் பாப்பா என்பார், அவள் அவரை சார் என்பாள். படித்தவர்கள் இல்லையா, நாசூக்காகத்தான் நடந்துகொண்டார்கள். உள்ளே எரிந்தது எரிந்துகொண்டுதான் இருந்தது.

அந்தத் தை மாதம் ஆபீசுக்கு ஒரு பெரிய வேலை வருவதாக இருந்தது. கொள்ளிடத்துப் பக்கம் ஒரு பாசன வாய்க்காலை அகலப்படுத்துகிறார்கள். முப்பது மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டுப் படம் வேண்டும், மொத்தம் அறுநூற்று நாற்பது. மௌஸைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கையால் போட்டால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தேறும், இடுப்பும் போகும். பிரிசில்லா, படம் போடுகிற ஆட்டோகேடு சாப்ட்வேருக்குள்ளேயே இருக்கும் லிஸ்ப் என்கிற மொழியில் ஒரு புரோகிராம் எழுதினாள். தரை எங்கெங்கே எவ்வளவு உயரம் என்று சர்வேக்காரர்கள் எடுத்துத் தந்த மட்ட அளவுகளை அது படித்து, டீ ஆறுவதற்குள் அத்தனை படத்தையும் போட்டுவிடும். முதலாளி பொன்னுரங்கம் அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். இன்று மூன்று மணிக்குக் காண்ட்ராக்ட் கம்பெனி இன்ஜினியர் ராமாமிர்தம் வந்து பார்த்து சரியென்று சொல்லிவிட்டால், நாளையிலிருந்து படப் பிரிவு முழுக்க பிரிசில்லாவின் பொறுப்பு. எல்லாரும் அவளுக்குக் கீழே. தங்கராசுவும்தான். இதைப் பொன்னுரங்கம் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவள் வேலை செய்கிற விதமே தனி. திரையில் ஒரு பக்கம் படம், இன்னொரு பக்கம் கன்சோல் என்று ஒரு சின்ன ஜன்னல். படம் திறந்தபடி இருக்கும்போதே கன்சோலில் புரோகிராமின் ஒரு பகுதியை, அதாவது ஒரு ஃபங்ஷனை, மாற்றி அடிப்பாள். அடித்த கையோடு படம் புது விதமாக வரும். பிடிக்கவில்லையென்றால் இன்னொரு தடவை. ஓடுகிற மோட்டாரை நிறுத்தாமல் போல்ட் மாற்றுகிற மாதிரிதான். முழுக்கத் திருப்தியாகும் வரை ஃபைலில் எழுதமாட்டாள். சாயங்காலம் கிளம்பும்போது, அன்றைக்குத் தேறியதை மட்டும் ஃபைலில் ஏற்றிவிட்டுப் போவாள். அதுவரைக்கும் திருத்தமெல்லாம் அந்த மெஷினின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கும். மூடினால் போச்சு.

தங்கராசுவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அவளேதான் சொல்லிக்கொடுத்தாள். அவராகத்தான் கேட்டார். மூன்று நாள், சாப்பாட்டு நேரத்தில். முழுக்க பிராக்கெட். ஒன்றை மூட மறந்தால் கம்ப்யூட்டர் தப்பு என்றுகூடச் சொல்லாது, மீதியைச் சொல்லுங்கள் என்று சும்மா காத்திருக்கும். அவர் எண்டரைத் தட்டத் தட்ட அது காத்திருந்தது. "ஒன்னு கொறையுது சார். பரவால்ல, எனக்கும் மொதல்ல இப்டித்தான் ஆச்சு" என்றாள் அவள், பொறுமையாக. அந்தப் பொறுமையைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. எரிந்து விழுந்திருந்தால் மன்னித்திருப்பார். நாலாம் நாள் கண் வலிக்கிறது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

பதினொன்றேகாலுக்கு வந்த போனைப் பேசி வைத்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"அம்மாவ பாம்பு கடிச்சிடுச்சாம் சார். அறுப்புல. சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கித் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்தாள். கீபோர்டைத் தொட்டாள். காலையிலிருந்து அவள் திருத்திக்கொண்டிருந்தது ஒரு முக்கியமான கோளாறு. சர்வேக்காரர்கள் சில இடத்தில் மட்டம் எடுக்க முடியாமல் அளவைக் காலியாக விட்டிருந்தார்கள். பழைய புரோகிராம் காலியைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு தரைக்கோட்டைப் பாதாளத்துக்கு இழுத்துவிடும். அதை மூன்று ஃபங்ஷனில் மாற்றி, இப்போதுதான் சரியாக வந்திருந்தது. மூன்றையும் ஒழுங்காக எழுதி ஃபைலில் ஏற்றப் பத்து நிமிஷம் ஆகும்.

"நீ கெளம்பு பாப்பா. இத கட்டிக்கிட்டு உக்காந்திருக்காத. நான் பாத்துக்கறேன்" என்றார் தங்கராசு. அந்த நிமிஷத்தில் அதை அவர் மனதாரத்தான் சொன்னார்.

"ஃபைல்ல இருக்கிறது பழசு சார். சரியானது இந்தக் கன்சோல்லதான் இருக்குது. இந்த மெஷின மூடாம, இதுலயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. இந்தப் பேர அடிச்சா போதும்." ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, பையைக்கூடச் சரியாக மூடாமல் படியிறங்கி ஓடினாள். காகிதம் அவர் சட்டைப்பைக்குள் போயிற்று.

மூன்று மணிக்கு ராமாமிர்தம் வந்தார். பொன்னுரங்கம் தன் ஏசி ரூமில் புரொஜெக்டரை மாட்டிவைத்துக்கொண்டு, பென் டிரைவோடு வெளியே வந்தார்.

"தங்கராசு, அந்தப் பொண்ணு ஃபைல இதுல போடுய்யா. என் மெஷின்லயே ஓட்டிரலாம். அவுரு வெளிய ஒக்காந்து வேர்க்கணுமா என்ன?"

தங்கராசு பென் டிரைவைச் சொருகினார். பக்கத்திலேயே கன்சோல் ஜன்னல் திறந்து கிடந்தது. இந்த மெஷினிலேயே பாருங்கள் சார் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவர் வாயைத் திறக்கவும் திறந்தார்.

"கடைசி ஃபைல் இதானே?" என்றார் பொன்னுரங்கம்.

"ஆமா சார். இதான்."

அவ்வளவுதான் அவர் செய்தது. பின்னாளில் தன்னிடமே இதைப் பலமுறை சொல்லிக்கொண்டார். நான் எதையும் அழித்தேனா, எதையும் உடைத்தேனா? கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஃபைல் என்று பார்த்தால் கடைசி ஃபைல் அதுதானே. மனுஷனுக்குத் தன்னைப் பூசி மெழுகிக்கொள்ள எவ்வளவு சாந்து வேண்டுமானாலும் கிடைத்துவிடுகிறது.

சுவரில் முப்பத்தாறு படம் அச்சடித்த மாதிரி வந்தன. ராமாமிர்தம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். முப்பத்தேழாவதில் தரைக்கோடு செங்குத்தாகக் கீழே இறங்கி, அடுத்த நாலைந்து படங்களைக் குத்திக்கொண்டு போய் எங்கோ மறைந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சிக்கெடுக்காத தலைமயிர்.

"என்னங்க, வாய்க்கா வெட்டச் சொன்னா பாதாளத்துக்கு வழி போட்டிருக்கீங்க" என்று ராமாமிர்தம் வயிறு குலுங்கச் சிரித்தார். பொன்னுரங்கமும் சிரித்தார். முகம் மட்டும் செத்துப்போயிருந்தது. தங்கராசு கைகட்டி நின்றபடி, தணிந்த குரலில், "கையால போட்டுத் தந்துடறோம் சார். இருபது நாள்ல. ஒரு கோடு தப்பாது" என்றார். வேலை கைவிட்டுப் போகாமல் காப்பாற்றிய புண்ணியம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஐந்தரைக்கு ஆபீஸ் போன் அடித்தது. அவர்தான் எடுத்தார்.

"சார், அம்மாவுக்கு ஊசி போட்டிருக்காங்க. கண்ணு தொறந்துட்டாங்க. ஒங்க சித்தப்பா கார்லதான் சார் தூக்கியாந்தது. அவுங்க மட்டும் இல்லன்னா…" அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "காட்டுனீங்களா சார்?" என்றாள்.

"காட்டுனாங்க. சரியா வரல பாப்பா."

"நம்ப மெஷின்ல இல்லையா?"

அவர் அவள் மேசையைப் பார்த்தார். திரை எரிந்துகொண்டிருந்தது. மூன்று ஃபங்ஷனும் அங்கேதான் இருந்தன. இப்போதுகூட, இப்படியே விடு என்று விட்டால் நாளைக்கு வந்து ஏற்றிக்கொள்வாள். அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"ரெண்டரைக்கே கரண்ட்டு போயிடுச்சும்மா. ஒன் மெஷினு யுபிஎஸ்ஸும் நிக்கல. ஆஃப் ஆயிடுச்சி."



"என் தப்புதான் சார். ஏத்திட்டு வந்திருக்கணும். நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

போனை வைத்தபின், சொன்ன பொய்யை அவர் நிஜமாக்க வேண்டியிருந்தது. அவள் மேசைக்குப் போய் மெஷினை மூடினார். மாற்றங்களைச் சேமிக்கவா என்று மெஷின் மரியாதையாகக் கேட்டது. வேண்டாம் என்றார். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் அவருக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிரிசில்லா ஒன்பதாம் நாள் வேலைக்கு வந்தாள். அம்மாவைத் தேறும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று கடலூரிலேயே தன் வாடகை ரூமுக்குக் கூட்டிவந்திருந்தாள். ரெண்டே நாளில் திரும்ப எழுதிவிடுகிறேன் என்று பொன்னுரங்கத்திடம் கேட்டுப் பார்த்தாள். "அந்தாளு என் ரூம்ல சிரிச்சிட்டுப் போனது போதும்மா. இனிமே லிஸ்ப்புன்னு எவளும் எங்கிட்ட வரக்கூடாது. தங்கராசு சொல்றத போடு" என்று அவர் முடித்துவிட்டார். அவள் கடைசி மேசையில் உட்கார்ந்து, நாளைக்குப் பன்னிரண்டு வீதம் கையால் போட ஆரம்பித்தாள். தங்கராசு சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார். அவள் கோடுகளில் திருத்த ஒன்றும் இருக்காது. இருந்தும் திருத்தினார்.

மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது அவர் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"அன்னிக்கி கரண்ட்டு ரெண்டரைக்கா சார் போச்சு?"

"அப்டித்தான் இருக்கும்."

"மூணு மணிக்கு புரொஜெக்டர்ல போட்டாங்களாமே. ஏசி வேற ஓடிச்சாம். அன்னிக்கிப் பூரா கரண்ட்டே போவலன்னு சொல்றாங்க."

தங்கராசு சிவப்புப் பேனாவை மூடினார். மாட்டிக்கொண்டோம் என்ற பயம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. அதற்குப் பதிலாக, எங்கோ அடியிலிருந்து, எவ்வளவோ தலைமுறையாகப் பத்திரமாக வைத்திருந்த ஒன்று, கேட்காமலே நாக்குக்கு வந்தது.

"ஒங்கம்மா இன்னிக்கி உசுரோட இருக்காங்கன்னா அது யாரால பாப்பா?"

அவள் அவரையே பார்த்தாள். கண் கலங்கவில்லை. தன் மேசைக்குத் திரும்பிப் போய், திறந்து வைத்திருந்த டிபன் பாக்ஸை மூடினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னம்மாள் வந்தாள். வருவதாக மகளிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு கையில் கட்டு, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை, அதில் நாலு ஆப்பிள். அந்தப் பழத்தை அவள் ஆயுளில் வாங்கித் தின்றிருக்கமாட்டாள். மாடிப்படி ஏறிய மூச்சு அடங்காமல் வாசலிலேயே நின்றாள். பிறகு நேராகத் தங்கராசுவின் மேசைக்கு வந்து, பையைத் தரையில் வைத்து, கட்டுப்போட்ட கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"எங்க சின்னய்யா காரு வரலன்னா நான் களத்து மேட்டுலயே போயிருப்பேன் சாமி. இங்க நீங்கதான் எம்பொண்ண ஒடனே அனுப்பி வச்சீங்களாம். எந்த ஜென்மத்துக்கும் மறக்கமாட்டோம்."

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "எல்லாம் கடவுள் செயல். ஒடம்பப் பாத்துக்க" என்றார் தங்கராசு. குனிந்து பையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பிரிசில்லா எழுந்து வந்தாள். வரும்போதே சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்றை இழுத்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"உக்காரும்மா."

"இருக்கட்டும்டி."

"மூச்சு வாங்குது பாரு. உக்காரு."

சின்னம்மாள் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு தங்கராசுவின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உட்கார்ந்துவிடுவாள். அவர் முன்னால் கிடந்த படத்தில் ஏதோ ஒரு கோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மாள் உட்காரவில்லை. பிரிசில்லா நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது நகராதபடி, அப்படியே நின்றாள்.