சூரியனைப் பார்த்து நடக்கிறவன்

"கையெழுத்துப் போட மாட்டேன்னா மாட்டேன், நீங்க எத்தன தரம்..."

"நான் சொல்றத முழுசாக் கேளு யோகம்..."

"நீங்க சொன்னதத்தான் இருபது வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்! அன்னைக்குப் போகாதேன்னு சொன்ன அதே வாய் இன்னைக்குப் போகட்டும்னு சொல்லுதா?"

"அது வேற, இது வேற லா."

"என்ன வேற? அதே இங்கிலாந்து, அதே நர்ஸ் படிப்பு. அன்னைக்கு எனக்கு வந்துச்சு, இன்னைக்கு எம் மகளுக்கு வந்திருக்கு. எனக்கு ஆகாத ஊரு அவளுக்கு மட்டும் ஆகிடுமா?"

நல்லம்மா நாற்காலியை இழுத்து யோகத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். சாப்பாட்டு மேசையின் மேல் இரண்டு காப்பிக் கோப்பைகள் ஆறிக் கிடந்தன. நடுவில் அந்த விண்ணப்பத் தாள். பெண்ணுக்கு இன்னும் பதினெட்டு நிறையவில்லை. தகப்பன் ஆனந்தராஜா சிங்கப்பூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு வருஷங்களாகின்றன. ஆக, போட வேண்டிய கையெழுத்து தாய் யோகலட்சுமியுடையதுதான். திங்கட்கிழமைக்குள் தாள் போய்ச் சேர வேண்டும். அம்மாவிடம் நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்று அந்தப் பெண் டெலிபோனில் அழுதிருந்தாள். அதற்காகத்தான் கடலுக்கு அக்கரையிலுள்ள செபராங் ஜெயாவிலிருந்து யோகத்தைத் தன் ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வரச் சொன்னாள் நல்லம்மா.

"என்னைக்கோ சீட்டுப் பார்த்ததுல வந்தத நம்பிக்கிட்டு ஒரு புள்ளையோட படிப்ப..."

"நம்பாம? டெலிபோன் ஆபீஸ்ல நம்ம கூட வேல பார்த்த அத்தன பொண்ணுங்களுக்கும் பார்த்துச் சொன்னீங்க. யாருக்கு மாத்தல் வரும், யாருக்கு எந்தப் பக்கத்து மாப்பிள்ள, எல்லாம் சொன்னபடி நடந்துச்சு. உங்களுக்கு மட்டுந்தான் ஒருத்தரும் அமையல!"

வேறு சமயமாயிருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள்.

டெலிபோன் கூண்டில் ஒரு வெள்ளைக்காரி மறந்துவிட்டுப் போன, குறி பார்க்கும் படச் சீட்டுக் கட்டு அது, கூடவே ஒரு சின்னப் புத்தகமும். கேட்டு வருவாளென்று ஒரு மாதம் மேசை இழுப்பறையில் வைத்திருந்துவிட்டு, பிறகு நல்லம்மாவே புத்தகத்தைப் படித்துக் கற்றுக்கொண்டாள். கிளி ஜோசியம் மாதிரி ஒரு சீட்டை எடுத்துப் பலன் சொல்வதில்லை இது, பக்கத்துச் சீட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் பெருமையடித்துக்கொள்வாள். அதையெல்லாம் விட்டுப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் கட்டைத் தூக்கிப் போடவில்லை.

எழுந்து போய் அலமாரியிலிருந்து அதை எடுத்துவந்தாள்.

"மறுபடியும் பார்க்கப் போறீங்களா? வேணாம்க்கா, எனக்குப் பயமா இருக்கு."

"பார்க்கப் போறதில்ல. அன்னைக்கு வந்த மூணையும் எடுத்து வைக்கிறேன். ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? சூரியன், நடந்து போறவன், இடி விழுந்த கோபுரம். வெளிச்சத்த விட்டுட்டுப் போறே, போற இடத்துல எல்லாம் இடிஞ்சு விழும்னு சொன்னீங்க. அன்னைக்குச் சாயங்காலமே, படிக்க வரச் சொன்ன கடிதத்தக் கிழிச்சேன்."

நல்லம்மா தன் இடக்கைப் பக்கமிருந்து ஒவ்வொன்றாக வைத்தாள். முதலில் கோபுரம். அடுத்து, கிண்ணங்களை அடுக்கியபடியே விட்டுவிட்டுக் கோலூன்றி நடக்கிறவன். கடைசியில் சூரியன்.

"மாத்தி வைக்கிறீங்க."

"மாத்தல. இப்படித்தான் வெச்சேன். முதல்ல வைக்கிறது நடந்து முடிஞ்சது, கடைசியா வைக்கிறது வரப் போறது. நீ எதிர்ல உட்கார்ந்திருந்தே. உன் இடக்கைப் பக்கம் சூரியன் இருந்துச்சு. அங்கேருந்து தொடங்கிப் படிச்சுட்டேன்."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

நல்லம்மாவுக்கு இப்போது நிறுத்த முடியவில்லை.

"நானும் அதே வருஷம் அந்தப் படிப்புக்கு எழுதிப் போட்டேன் யோகம். உனக்குத் தெரியாது. கண் பார்வ பத்தலன்னு எனக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாம் நாள் நீ கடிதத்தோட ஓடி வந்தே, போகலாமாக்கா, சீட்டுப் பாருங்கன்னு. ரெண்டு நாள் உன்னக் கலங்க விடணும்னுதான் நெனச்சேன். அப்புறம் சரியாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ அன்னைக்கே கிழிப்பேன்னு நான் கண்டேனா?"

"கிழிச்சப்புறம் சொல்லியிருக்கலாமே. வேற கடிதம் கேட்டு எழுதியிருப்பேனே."

"சொல்லியிருக்கலாம்."

ஜன்னலுக்குக் கீழே பஸ் ஒன்று நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. யோகலட்சுமி சீட்டுகளின் மேல் குனிந்தாள். அவள் பக்கத்திலிருந்து படங்கள் தலைகீழாகத் தெரிந்தன. நடக்கிறவன் மேல் ஒரு விரலை வைத்தாள். அந்த விரலை மெல்ல, அவன் போகிற திக்கிலேயே நகர்த்தினாள். அது சூரியனில் போய் நின்றது.

"எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாலும் இவன் சூரியனப் பார்த்துத்தான் நடக்கிறான்," என்றாள். "எனக்கும் கண்ணு இருந்துச்சு. நான்தான் படத்தப் பார்க்கல, உங்க மொகத்தப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"என்னத் திட்டு யோகம். நாலு வார்த்த திட்டிடு."

யோகம் கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்து, விண்ணப்பத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள். ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் தினமும் போட்ட அதே சரிந்த எழுத்து. தாளை மடித்து உறையில் வைத்தாள். நல்லம்மாவுக்கு மார்பிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. இதற்காகத்தானே கூப்பிட்டோம், இது நடந்துவிட்டது, மற்றதைக் காலம் ஆற்றும் என்று நினைத்தாள்.

"காப்பி சூடு பண்ணித் தரேன், இரு."

"வேணாம்."

கதவருகே குனிந்து செருப்பை மாட்டினாள் யோகம். கதவுக் கம்பியில் கை வைத்தபடி, திரும்பாமல் கேட்டாள்:

"ஆனந்தராஜா பொண்ணு கேட்டு வந்தப்பவும் உங்ககிட்டத்தானே சீட்டுப் பார்த்தேன். அத எந்தப் பக்கத்துலேருந்து படிச்சீங்க?"