பதினோராவது பத்தி

அந்த ஊரின் வாடகை ஒப்பந்தங்களில் பாதியாவது டைப்பிஸ்ட்டின் விரல் வழியாக வந்தவைதான். இருபது வருடமாகப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே அவருக்கு ஒரு மேசை. வீட்டுக்காரர்கள் வந்து பெயரையும் விலாசத்தையும் சொன்னால் போதும், மீதியை மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நர்ஸ் வேலை பார்த்த அவர் மனைவிக்கு, ஒரு பகல் பயணத் தூரத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. இரண்டு மாதத்தில் சேர வேண்டும். போனால் மகளோடு மூன்று பேரும் சேர்ந்துதான் போக வேண்டும், இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம் என்றாள். வீட்டுக்கு மூன்று வருட ஒப்பந்தம், எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது, நடுவில் விடுவார்களா என்றும் கேட்டாள். இவர் சிரித்தார். இடையில் காலி செய்ய ஒரு ஷரத்து இருக்கிறது, ஆறு மாதம் முடிந்தால் இரண்டு மாத நோட்டீஸில் கிளம்பிவிடலாம், அடித்தவனே நான்தானே என்றார். அவர் பேச்சை நம்பி, அவள் பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டாள்.

மறுநாள் நோட்டீஸை அழகாக அடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்காரம்மாவின் மருந்துக்கடைக்குப் போனார். அந்தம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துப் புரட்டி, பதினோராவது பத்தியில் விரலை வைத்து அவர் பக்கம் திருப்பினார்.

ஆறு மாதத்துக்குப் பின், இரண்டு மாத நோட்டீஸில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வீட்டு உரிமையாளருக்கு உரிமை உண்டு. அவ்வளவுதான். குடியிருப்பவருக்கும் அதே உரிமை உண்டு என்ற வரியைத் தேடினார். பக்கத்தைத் திருப்பினார். இல்லவே இல்லை. குடியிருப்பவர் இடையில் போனால் மீதி மாத வாடகை முழுவதையும் கட்ட வேண்டும் என்றது அடுத்த பத்தி. வீட்டுக்காரர்களுக்கே அடித்து அடித்துப் பழகிய கை, சொந்த வீட்டுக்கும் அதையே அடித்துத் தொலைத்திருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் பாவி மனுஷர் ஒருமுறை படித்துக்கூடப் பார்க்கவில்லை.

“நான் கேக்கவே இல்லையே தம்பி,” என்றார் அந்தம்மா. “நீங்களாத்தான் அப்படிப் போட்டுக் குடுத்தீங்க. எவ்ளோ நல்ல மனுஷன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அவரை இன்னும் உலுக்கியது. கை தவறிவிட்டது என்று கெஞ்சிப் பார்த்தார். தன் மகனின் படிப்பே இந்த வாடகையை நம்பித்தான் ஓடுகிறது, மனசு இருந்தும் வழி இல்லை என்று சொல்லிவிட்டார் அந்தம்மா.

வீட்டுக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இன்னும் இருபத்தெட்டு மாதம். இங்கே ஒரு வாடகை, அங்கே ஒரு வாடகை என்றால் அவர் அந்த மேசையை விட்டு நகர முடியாது. மனைவியோ பழைய வேலையை விட்டாயிற்று, புது வேலைக்குப் போகாமல் இருக்கவும் முடியாது.

சாப்பாட்டு நேரம் வந்தது. நான்கு வயது மகள் அப்பா ஊட்டினால்தான் வாயைத் திறப்பாள். அவர் வழக்கம்போலத் தட்டை எடுத்தார். மனைவி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நான் ஊட்டுறேன்,” என்றாள். “இப்பவே பழகட்டும்.”